நெற்றி ஓரத்து இரண்டு விரற்கடை: சரித்திரப் பாத்திரங்களின் விக் கேமராவில் இயல்பாகத் தெரிவது எப்படி?

ஒரு சரித்திரப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அரண்மனை பிரமாதம், உடையும் நகையும் கச்சிதம். கேமரா மெல்ல நாயகனின் முகத்தை நெருங்குகிறது. சட்டென்று ஏதோ உறுத்துகிறது. நடிப்பில் குறையில்லை, வசனத்திலும் குறையில்லை. கண் போய் நிற்பது நெற்றியின் மேல் விளிம்பில். தோல் முடிந்து முடி தொடங்கும் இடத்தில் லேசாக ஒரு கோடு. அது ஒட்டிய முடி என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும், அந்தக் காட்சி முடியும்வரை பார்வை அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். மாதக்கணக்கில் பலர் உழைத்து எழுப்பிய ஒரு காலம் அந்தக் கோட்டில் கலைந்துபோகிறது.

விக் என்றால் நல்ல முடியும் நல்ல சீவலும் போதும் என்றுதான் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். முடியின் தரம் முக்கியம்தான். ஆனால் பார்க்கிறவரை நம்பவைக்கும் பொறுப்பு முடி தொடங்கும் இடத்துக்கே உரியது. நெற்றி ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலம், கிருதா இறங்கும் காதோரம், வகிடு, பிடரி. இந்த நான்கு இடங்களில் உழைப்பைக் கொட்டினால் மிச்சத் தலையைப் பெரும்பாலும் யாரும் சந்தேகிப்பதில்லை. அதற்கு அடுத்தது, அந்த முடிக்குச் சொந்தக்காரரான பாத்திரம் எப்படி வாழ்ந்தவர் என்பது. இந்த இரண்டையும் ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

முதலில் நம் தலையில் முடி எப்படி இருக்கிறது?

கண்ணாடி முன் நின்று முன்முடியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நெற்றியில் முடி ஒரே கோட்டில் தொடங்குவதில்லை. முதலில் பூனைமயிர் போன்ற மிக மெல்லிய, குட்டையான ரோமங்கள். அதற்குப் பின்னால் ஒற்றை ஒற்றையாகச் சில முடிகள். இன்னும் உள்ளே போனால்தான் இரண்டும் மூன்றும் சேர்ந்து ஒரே துளையிலிருந்து முளைக்கின்றன. ஒரு மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும் என்பார்கள். அந்த லட்சமும் ஒரே அடர்த்தியில் பரவியிருப்பதில்லை. உச்சியில் அடர்ந்தும் ஓரத்தில் கலைந்தும் இருக்கின்றன.

திசையும் அப்படித்தான். முன்நெற்றி முடி முன்னோக்கிச் சாய்ந்து முளைக்கும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப் பகுதியில் கீழ்நோக்கிச் சாயும், உச்சியில் சுழி போட்டுச் சுழலும். சிலருக்கு இரட்டைச்சுழி. இடது நெற்றியும் வலது நெற்றியும் யாருக்கும் அச்சாக ஒத்துப்போவதில்லை. மலிவான விக்கில் இது எதுவுமே இருக்காது. வரிசை பிடித்து நட்ட நாற்றைப் போல முடி ஒரே இடைவெளியில், ஒரே கோணத்தில், ஒரே அடர்த்தியில் நிற்கும். நம் கண் பிறந்ததிலிருந்து மனித முகங்களையே பார்த்துப் பழகியது. எது தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், தவறு இருப்பதைக் கண்டுபிடித்துவிடும்.

ஆக, இந்தத் தொழிலில் மிகவும் மெனக்கெட்டுச் செய்ய வேண்டியது ஒழுங்கின்மையைத்தான். இயந்திரம் இதில் தோற்றுப்போவதும் கை ஜெயிப்பதும் அதனால்தான்.

மேடை டோப்பாவிலிருந்து நெட் விக் வரை

நாடகக் கம்பெனிகளின் காலத்தில் டோப்பா என்று ஒன்றைத் தலையில் மாட்டினால் வேலை முடிந்தது. முதல் வரிசை ரசிகரே பல அடி தள்ளி உட்கார்ந்திருப்பார், கடைசி வரிசைக்காரருக்குத் தலையின் வடிவம் தெரிந்தால் போதும். விளிம்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள் இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். தியாகராஜ பாகவதருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. அவருடைய நீண்ட முடி அவருடையதே. ‘பாகவதர் கிராப்பு’ என்று ஊரே அதைப் பார்த்து முடி வளர்த்தது.

ஹாலிவுட்டிலும் தொடக்கத்தில் கதை இதேதான். மலிவான நாரையும் கம்பளியையும் தலையில் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். போலந்தில் பிறந்து விக் செய்யும் தொழிலைச் சிறு வயதிலேயே கற்ற மேக்ஸ் ஃபேக்டர், 1914இல் செசில் பி. டெமில்லின் முதல் படத்துக்கு உண்மையான மனித முடியில் செய்த விக்குகளை வாடகைக்குக் கொடுத்தார். விலை கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் வாடகை. விக்குகள் பத்திரமாகத் திரும்ப வர வேண்டுமே என்று தன் மகன்களையே அந்தப் படத்தில் துணை நடிகர்களாக அனுப்பிவைத்தாராம். அவர் பெயரில் பின்னால் வந்த அழகுசாதனங்களை உலகம் அறியும். அவர் முதலில் ஒரு விக் கைவினைஞர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேமரா நெருங்கி வரும் என்பதை அந்தக் கை புரிந்துகொண்டிருந்தது.

இன்று விக்குகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். முதல் வகை தையல் விக். முடியை நீள வரிசைகளாக நாடாபோல் தைத்து, அந்த வரிசைகளை ஒரு தொப்பியில் சுற்றிச் சுற்றிப் பொருத்துவார்கள். வேகமாகச் செய்யலாம், விலை குறைவு. ஆனால் முடியை விலக்கினால் வரிசை தெரியும். நெற்றியில் தடித்த விளிம்பு வரும். கூட்டத்தில் நிற்கிற படைவீரருக்கு இது போதும்.

இரண்டாவது, கையால் கோத்த நெட் விக். கொசுவலையைவிடப் பல மடங்கு நுண்ணிய, கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலைதான் இதன் அடித்தளம். நடிகரின் தலையைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி, அதன்மேல் செலோடேப் ஒட்டி, நிஜ முடி தொடங்கும் கோட்டை மார்க்கரால் வரைந்துகொள்வார்கள். அந்த அச்சைத் தலைக்கட்டையில் மாட்டி, மேலே நெட்டை விரித்துக் குத்தி, முனையில் கொக்கி உள்ள ஒரு சின்ன ஊசியால் முடி முடியாக எடுத்து வலையின் இழையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். உச்சியில் ஒரு முடிச்சுக்கு மூன்று நான்கு முடி எடுக்கலாம். முன்னே வர வர இரண்டாகும். கடைசி ஓரத்தில் மிக மெல்லிய ஊசியால் ஒரு முடிச்சுக்கு ஒரே ஒரு முடி. அதுவும் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் போடக்கூடாது. சிலவற்றைத் தாவிவிட வேண்டும், சிலவற்றில் அடுத்தடுத்துப் போட வேண்டும். ஒரு முழுத் தலைக்கு இப்படிப் பல ஆயிரம் முடிச்சுகள், வாரக்கணக்கில் வேலை. நல்ல விக்கின் விலையைக் கேட்டு அதிர்ச்சி அடைகிறவர்களுக்கு ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு அங்குலத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினால் போதும்.

முடி எங்கிருந்து வருகிறது? உலகச் சந்தையில் மனித முடிக்குப் பெரிய ஊற்று நம் பக்கத்து மலைதான். திருமலையில் கல்யாணக்கட்டாவில் பக்தர்கள் இறக்கும் காணிக்கை முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. இப்படி ஒரே தலையிலிருந்து வழித்தெடுத்த முடிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலந்துவிடாமல் பாதுகாத்தால், முடியின் மேலுள்ள நுண்செதில்கள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும். இதையே ரெமி முடி என்கிறார்கள். சிக்கு விழாது, இயல்பாக அசையும். சீப்பில் உதிர்ந்ததைச் சேர்த்து விற்கும் முடியில் திசை கலந்துவிடுவதால், செதிலை அமிலத்தில் கரைத்து மேலே சிலிகான் பூச்சு கொடுப்பார்கள். புதிதில் பளபளக்கும், சில அலசலுக்குப் பிறகு பூச்சு போய் வெளுத்துச் சிக்கடிக்கும். நீண்ட நாள் படப்பிடிப்புக்கு அது ஆகாது.

குடுமி என்ற கடினமான பாடம்

மேல்நாட்டு விக் பாடங்களில் முடி பெரும்பாலும் நெற்றியில் விழும், சுருண்டு தொங்கும், காதை மூடும். விளிம்பை மறைக்க அங்கே வழி நிறைய. நம் ஊர்ப் பழைய சிகை அப்படியில்லை. எண்ணெய் தடவி, பின்னுக்கு இழுத்து, இறுக்கி முடிந்த முடி. நெற்றி முழுக்கத் திறந்திருக்கும். பிடரியும் திறந்திருக்கும். ஒளிய இடமே இல்லை.

1880களில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழும் ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம். முன்தலையை மழித்து, பின்முடியை நீள வளர்த்து முடிந்த குடுமி. அந்தக் காலத்தில் பல சாதி ஆண்களுக்கும் இருந்த வழக்கம் இது. முடிச்சு சிலருக்குப் பின்னால், சிலருக்கு முன்பக்கமாக. சிதம்பரம் தீட்சிதர்களிடம் முன்குடுமியை இன்றும் பார்க்கலாம்.

இவருக்கு விக் செய்யும்போது மேலே சொன்ன விதி அப்படியே தலைகீழாகிறது. நெற்றி ஓரம் படிப்படியாக அடர வேண்டும் என்றோமே, குடுமிக்காரரின் முடி தொடங்கும் கோடு இயற்கையாக வந்ததல்ல, நாவிதரின் கத்தி போட்ட கோடு. அதற்குப் பின்னால் முடி முழு அடர்த்தியில் சட்டென்று தொடங்கத்தான் வேண்டும். அங்கே பூனைமயிரும் ஒற்றை முடியும் கோத்தால் வழுக்கை விழுந்தவர்போல் ஆகிவிடும். மாறாக, கோட்டுக்கு முன்னால் மழித்த இடத்தில் வேலை இருக்கிறது. சவரம் செய்து நாலைந்து நாள் ஆன தலையில் முள்முள்ளாக முளை தெரியும், தோலுக்கடியில் கரும்பச்சை நிழலாடும். இதை மெல்லிய பஞ்சால் புள்ளி புள்ளியாக ஒற்றியோ, பொடியாக நறுக்கிய முடியைப் பசையில் ஒட்டியோ கொண்டுவர வேண்டும். இந்த நிழல் இல்லாத குடுமி, துடைத்துவைத்த பொம்மைத் தலையாகத்தான் தெரியும்.

தோல் நிறத்திலும் ஒரு பொறி இருக்கிறது. நடிகர் பாத்திரத்துக்காக நேற்று முன்தலையை மழித்திருப்பார். வருஷக்கணக்கில் முடிக்கு அடியில் கிடந்த தோல் என்பதால் அது முகத்தைவிட வெளுத்திருக்கும். ஆனால் கதையில் வரும் மனிதர் சின்ன வயதிலிருந்து மழித்துக்கொண்டவர், வயல் வரப்பில் வெயிலில் நடந்தவர். அவருடைய முன்தலை நெற்றியைவிடக் கருத்திருக்க வேண்டும். மழித்தால் மட்டும் போதாது, அந்த வெயிலையும் ஒப்பனையில் கொண்டுவர வேண்டும்.

அடுத்த படத்துக்கு முடி வேண்டும் என்பதால் மழிக்க முடியாத நடிகர்களே அதிகம். அவர்களுக்கு மொட்டைத் தொப்பி போட்டு, அதன்மேல் குடுமி விக் ஏற்றுவார்கள். வினைல் தொப்பியாக இருந்தால் நெற்றியில் அதன் விளிம்பை அசிட்டோன் தொட்டுக் கரைத்துத் தோலோடு இழைத்துவிடலாம். ஆனால் நடிகரின் சொந்த முடி அடியில் புடைத்துக்கொண்டிருந்தால் தலை பெருத்துத் தெரியும். பக்கவாட்டு ஷாட்டில் இது உடனே காட்டிக்கொடுக்கும். சொந்த முடியை மெல்லிய பின்னல்களாகத் தலையோடு ஒட்டப் பின்னி, தட்டையாக்கி, மேலே இறுக்கமான ஸ்டாக்கிங் தொப்பி போட்ட பிறகே அடுத்த அடுக்கு. அடிவேலை சரியில்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த விக்கும் ஓர் அங்குலம் மேலே மிதக்கும்.

அதே வீட்டுப் பெண்ணுக்கு நேர் வகிடும் கொண்டையும். வகிடு என்றால் தலையின் தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். நெட்டில் போட்ட கறுப்பு முடிச்சுகள் அங்கே புள்ளிகளாகத் தெரிந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த பசையை நெட்டின் அடிப்பக்கத்திலிருந்து ஒற்றி முடிச்சுகளை மட்டும் வெளுக்க வைப்பார்கள். அதிக நேரம் விட்டால் முடிச்சு பலவீனமாகி முடி உதிரும். வகிட்டில் குங்குமம் வைப்பதாக இருந்தால் தூளாகத் தூவாதீர்கள். வலையின் கண்களில் தூள் போய் உட்கார்ந்து, அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நெட்டைப் படம் வரைந்து காட்டிவிடும். மெல்லிய தூரிகையால் ஈர நிறமாகத் தீட்டுவதே நல்லது.

பிடரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முடி கீழே தொங்கும் விக்கில் பிடரி ஓரம் மறைந்திருக்கும். தூக்கி முடிந்த கொண்டையில் அது முழுக்க வெளியே தெரியும். அதனால் கொண்டை விக்குக்குப் பிடரியிலும் நெட் வைத்து, முடியை மேல்நோக்கிய திசையில் கோக்க வேண்டும். கழுத்தோரம் சில குட்டை முடிகள் கட்டுக்குள் அடங்காமல் சுருண்டு நிற்க வேண்டும். இன்னொன்று, கொண்டைக்கும் அதில் சூடும் பூச்சரத்துக்கும் எடை உண்டு. அந்த எடை பின்னால் இழுக்கும்போது முன்னே நெற்றி நெட் மெல்ல எழும்பும். பூவையும் கொண்டையையும் விக்கின் தொப்பியோடு மட்டும் கட்டாமல், அடியில் பின்னியிருக்கும் சொந்த முடியோடு ஊசி போட்டுப் பிணைத்துவிட வேண்டும்.

நெற்றிச்சுட்டி, தலைப்பாகை, பட்டம் இவற்றால் விளிம்பை மறைப்பது பழைய தந்திரம். அவசரத்துக்கு உதவும். ஆனால் எல்லாப் பாத்திரமும் எல்லாக் காட்சியிலும் தலையில் ஏதாவது கட்டிக்கொண்டு வந்தால், தூங்கி எழும் காட்சியில் என்ன செய்வது?

நம் நெற்றிக்கு நம் நிறத்தில் நெட்

கடையில் கிடைக்கும் நெட்டில் பெரும்பகுதி வெளிர் நிறத்தில் வருகிறது. வெள்ளைத் தோலில் அது கரைந்துபோகும். மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். நம் படங்களில் நாயகனின் நெற்றியில் ஒரு சாம்பல் பட்டை தெரிந்து நானே பலமுறை வருந்தியிருக்கிறேன். அங்கே விக் செய்தவரின் கைத்திறன் குறையில்லாமல் இருந்தது, நிறம் மட்டும் இந்த மண்ணின் முகத்துக்கு உரியதாக இல்லை. நெட்டைக் கோப்பதற்கு முன்பே தேயிலைச் சாற்றிலோ துணிச் சாயத்திலோ நனைத்து, நடிகரின் நெற்றி நிறத்துக்கு இரண்டு மூன்று சாயலில் துண்டுகள் தயார் செய்து, வெயிலில் ஒரு தடவை, படப்பிடிப்பு விளக்கில் ஒரு தடவை நெற்றிமேல் வைத்துப் பார்த்தால் இந்தக் குறை வராது. கை, கன்னம், நெற்றி மூன்றும் ஒரே நிறமாக இருப்பதில்லை. நெற்றியோடுதான் ஒப்பிட வேண்டும்.

நெட்டின்மேல் ஒப்பனை பூசி நிறத்தைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தால், குங்குமத் தூளுக்குச் சொன்னதே இங்கும் பொருந்தும். வலையின் கண்கள் அடைபட்டால் வலை தெரியும். 

ஒட்டும்போது நெற்றிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நெட்டைக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் விட்டு வெட்டுவார்கள். நேர்கோட்டில் வெட்டினால் அந்த நேர்கோடு தெரியும். சற்றே நெளிநெளியாக வெட்டினால் கண் ஏமாறும். தோலை ஆல்கஹால் திரவத்தால் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்கிவிட்டு, ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையை மெல்லியதாகப் பூசி, அது பிசுபிசுப்பாகும்வரை விரலால் தட்டித் தட்டி, பிறகு நெட்டை வைத்து ஈரத்துணியால் அழுத்த வேண்டும். தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்படியே காயவிட்டால் ஸ்பிரிட் கம் விளக்கில் மினுங்கும், தட்டினால் மினுக்கம் அடங்கும். நடிகர் புருவத்தை உயர்த்தாமல், முகத்தைத் தளர்வாக வைத்திருக்கும்போது ஒட்டுவது முக்கியம். சிரித்துக்கொண்டிருக்கும் முகத்தில் ஒட்டிய விளிம்பு, சோகக் காட்சியில் சுருக்கம் விழும்.

நம் வெயில் இந்த வேலைக்குப் பெரிய எதிரி. நெற்றி வியர்வை நெட்டின் அடியில் சேர்ந்து, மதியத்துக்குள் காதோரம் கிளம்பத் தொடங்கும். வியர்வை தாங்கும் பூச்சை முதலிலேயே தோலுக்குக் கொடுக்கலாம், மருத்துவத் தரச் சிலிகான் ஒட்டைப் பயன்படுத்தலாம். எதைச் செய்தாலும் ஷாட்டுக்கு ஷாட் நெருங்கிப் பார்க்கும் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முடியாது. உண்மையான தேங்காயெண்ணெயைத் தடவி எண்ணெய்த் தலையைக் காட்டலாம் என்று யாராவது ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். எண்ணெய் வழிந்து விளிம்புக்கு வந்தால் ஒட்டு விட்டுவிடும். ஜெல்லோ மெழுகோ விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித் தடவினாலே அந்தத் தோற்றம் வந்துவிடும்.

கறுப்பு என்பது ஒரு நிறமில்லை

நம் முடி கறுப்பு என்று சொல்லிவிடுகிறோம். வெயிலில் பார்த்தால் அடர் பழுப்பும் கறுப்பும் கலந்திருக்கும், நுனிகள் இன்னும் வெளுத்திருக்கும், நெற்றி ஓரம் சற்று வெளிர்ந்திருக்கும். ஒரே சாயத் தொட்டியில் முக்கியெடுத்த நீலக்கறுப்பு விக்கில் விளக்கு பட்டால் இழை தெரியாமல் ஒரு கறுப்புப் பரப்பாகிவிடும். மூன்று நான்கு சாயல் முடியைக் கலந்து கோத்தால் கேமரா அதை ஒரே கறுப்பாகவே காட்டும், ஆனால் உயிருள்ள கறுப்பாகக் காட்டும்.

நரைக்கும் இதே நியாயம்தான். சாம்பல் நிற முடி என்று தனியாக ஒன்று அநேகமாகக் கிடையாது. வெள்ளை முடியும் கறுப்பு முடியும் கலந்திருப்பதையே தூரத்திலிருந்து சாம்பல் நிறமாகப் பார்க்கிறோம். பெரும்பாலோருக்குப் பொட்டோரத்தில் நரை தொடங்கி மெல்ல மேலே ஏறும். வெள்ளைப் பவுடரைத் தூவி ஒருவரை முதியவராக்கும் வழக்கம் மேடைக்குச் சரி. கேமராவில் அது தூசியாகவே தெரியும், தோளிலும் கொட்டும். வெள்ளை முடியை இடையிடையே கோப்பதே வழி. தூய வெள்ளை மனித முடி கிடைப்பது அரிது என்பதால் யாக் மாட்டின் முடியைச் சேர்ப்பார்கள். அது சற்று முரடு, தாடிக்கும் மீசைக்கும் அந்த முரட்டுத்தனமே பொருத்தம். ஒரே பாத்திரம் இருபது வயதிலிருந்து அறுபது வரை வருவதானால் மூன்று நான்கு விக் தேவைப்படும். நெற்றி முடி சற்றுப் பின்வாங்கியிருப்பதும் அந்த விக்குகளில் படிப்படியாகத் தெரிய வேண்டும்.

ஒளிப்பதிவாளரோடு முன்கூட்டியே பேசாமல் விக்கை முடித்துவிடக் கூடாது. பின்னாலிருந்து வரும் ஒளி தலையின் வெளிவரம்பைத் துலக்கும். நிஜத் தலையில் அங்கே நாலைந்து முடிகள் தனியே பறந்துகொண்டிருக்கும். ஸ்ப்ரே அடித்து எல்லாவற்றையும் அடக்கிய விக்கின் வரம்பு கத்தரித்துவைத்த மாதிரி நிற்கும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வரும் ஒளி, நெட்டின் விளிம்பு கொஞ்சம் எழும்பியிருந்தாலும் அதற்கு நிழல் கொடுத்துவிடும். செயற்கை இழைகளின் மினுக்கம் கடுமையான விளக்கில் கண்ணைக் குத்தும். 4கே கேமராக்கள் வந்த பிறகு முன்பு மங்கலில் தப்பித்ததெல்லாம் இப்போது தப்புவதில்லை. படப்பிடிப்புக்கு முன் அதே லென்ஸ், அதே விளக்கு, அதே உடையோடு ஒரு சோதனை எடுத்து, பெரிய திரையில் போட்டுப் பார்ப்பது ஆடம்பரச் செலவே இல்லை. விளிம்பைக் கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்பார்கள். முடியும்தான். ஆனால் காற்றில் அசையும் முடிகளுக்கு நடுவே ஒவ்வொரு பிரேமாக அழிப்பதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால், முதலிலேயே நல்ல நெட் வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அந்தத் தலை வாழ்ந்த வாழ்க்கை

தொழில்நுட்பம் எல்லாம் சரியாக அமைந்தும் சில விக்குகள் பொய்யாகத் தெரியும். காரணம், அவை சற்றுமுன் சலூனிலிருந்து வந்தவை போல இருக்கும். போரில் மூன்று நாள் குதிரையில் வந்த வீரனின் முடியில் தூசி, வியர்வை, சிக்கு எல்லாம் இருக்க வேண்டும். கவசத்தின் அடியில் அழுந்திய இடம் படிந்திருக்க வேண்டும். சமையற்கட்டில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்குக் காலையில் முடிந்த கொண்டை மாலையில் சரிந்திருக்கும், காதோர முடி வியர்வையில் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். ஷாம்பு இல்லாத காலத்தில் சீயக்காயும் அரப்பும் தேய்த்துக் குளித்த தலை, இன்றைய விளம்பரப் பட்டுபோல் வழுக்கி விழாது. பாத்திரம் எத்தனை நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவர், யார் அவருக்குச் சீவிவிடுவது, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பவர் என்று கேட்டுக்கொண்டு செய்கிற கலைஞரின் விக்கில் அந்த விடைகள் தெரியும்.

இதற்கான ஆதாரங்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் ஆண்களும் நீண்ட முடியைக் கொண்டையாக முடிந்திருப்பதைப் பார்க்கலாம். சோழர் காலப் படம் எடுக்கிறவர்கள் தோளில் புரளும் விரித்த முடியையே ஆணுக்குத் தொடர்ந்து கொடுப்பதைப் பார்க்கும்போது, இந்த ஓவியங்களின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கலாமே என்று ஆதங்கமாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால், தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த தொழில், சாதிச் சித்திரங்கள் இருக்கின்றன. சென்னையில் 1856இலேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள், அதன்பிறகு ஸ்டூடியோப் படங்கள் ஏராளம். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குப் போன எவரும் தலையைப் படிய வாரிக்கொண்டுதான் போனார்கள். அந்தப் படம் காட்டுவது அவர்களுடைய பண்டிகைத் தலையை. அன்றாடத் தலையை அதிலிருந்து ஊகிக்கத்தான் வேண்டும்.

எல்லா விக்கும் விக் என்று தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுமில்லை. சென்னையில் 1801இல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட்டின் ஆங்கிலேய நீதிபதியைக் காட்டுகிறோம் என்றால், அவர் அணிந்திருந்ததே விக். அதன் விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும், அதன் அடியில் அவருடைய சொந்த முடி கொஞ்சம் எட்டிப்பார்க்கலாம், சென்னை வெக்கையில் அவர் அதைக் கழற்றித் தலையைச் சொறியலாம். பவுடரும் பொமேடு என்ற முடிப்பசையும் போட்டுப் பராமரிக்க வேண்டிய பழைய விக்குக்குப் பதிலாக, அவை தேவைப்படாத குதிரைமுடி விக்குக்கு லண்டனில் ஹம்ப்ரி ராவன்ஸ்க்ராஃப்ட் காப்புரிமை பெற்றது 1822இல். கதை 1810இல் நடந்தால் அந்தக் குதிரைமுடி விக்கை நீதிபதியின் தலையில் வைக்கக் கூடாது.

கையில் பணம் குறைவாக இருக்கிற குறும்படக்காரர்களுக்கு ஒரு வழி. முழு நெட் விக்குக்கு ஆசைப்பட வேண்டாம். நடிகரின் சொந்த நெற்றி முடியைவிடச் சிறந்த விளிம்பை எந்தக் கலைஞராலும் கோக்க முடியாது. படப்பிடிப்புக்குச் சில மாதம் முன்பே அவரை முடி வளர்க்கச் சொல்லுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். முன்னால் மூன்று விரற்கடை அளவு சொந்த முடியைப் பிரித்து முகத்தின் மேல் விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் சாதாரணத் தையல் விக்கையோ சவுரியையோ ஊசி போட்டுப் பொருத்துங்கள். பிறகு முன்முடியை அதன்மேல் பின்னுக்கு வாரி, இரண்டையும் சேர்த்துக் குடுமியாகவோ கொண்டையாகவோ முடிந்துவிடுங்கள். நிறம் மட்டும் ஒத்துப்போக வேண்டும். சவுரியை வாங்கும்போது நடிகரையும் கூட்டிக்கொண்டு போய், கடை விளக்கில் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், வாசலில் வெயிலுக்கு வந்து அவர் முடியோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்.